கடைசிக் குழாயில் தண்ணீர் வந்த நாள்

ஜூலை 1, திங்கள்

இந்த நாட்குறிப்பில் உண்மையை மட்டுமே எழுதுவேன். பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுவேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவேன். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

இந்த டைரி நகராட்சி கொடுத்தது. எங்கள் அம்மா செல்லக்கனி பதினோராவது வார்டு கவுன்சிலர். ஜனவரியில் எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்தார்கள். ஆறு மாதமாக அம்மா இதைத் திறக்கவே இல்லை. “எனக்கு என்னத்த எழுத இருக்கு, நீதான் படிக்கிற புள்ள” என்று நேற்று என்னிடம் தந்துவிட்டாள்.

நான் கோகிலவாணி. ஒன்பதாம் வகுப்பு. கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பேன். நகர்மன்றக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வரும் நடவடிக்கைக் குறிப்பையும் படிப்பேன். இதுவரை வந்த எந்தக் குறிப்பிலும் அம்மா பேசியதாக ஒரு வரி இல்லை. “உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றனர்” என்று இருக்கும். அதில் அம்மாவும் இருக்கிறாள் என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேசுவதெல்லாம் அப்பாதான். எங்கள் சந்தைத் தெருவின் தொடக்கத்தில், எங்கள் வீட்டை ஒட்டி, அப்பாவுக்கு மாவு மில் இருக்கிறது. வார்டு வேலையும் அங்கேயே நடக்கும். போன் வந்தால் “கவுன்சிலர்தான் பேசுறேன், சொல்லுங்க” என்பார். அது பொய் ஆகுமா என்று ஒருமுறை கேட்டேன். “அது ஒரு ஏற்பாடு” என்றார்.

ஜூலை 4, வியாழன்

அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியல் வந்தது. எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு போடுவது அதில் இருக்கிறது. அப்பாவுக்கு மகிழ்ச்சி. தேர்தலில் சொன்ன வாக்கு அது. மழை பெய்தால் மில்லுக்கு வரும் வண்டிகள் சேற்றில் சிக்கிக்கொள்ளும்.

மாலையில் புஷ்பம் அத்தை வந்தார். தெருவின் கடைசி வீடு. வீட்டிலேயே தையல் தைக்கிறார். அவருடைய மகள் ஜெனிட்டா என் வகுப்பு, என் பெஞ்சு. அத்தை எப்போதும் உட்கார்ந்துதான் பேசுவார். இன்று நின்றுகொண்டே பேசினார்.

“கனியக்கா, ரோடு வேண்டாம்னு சொல்லல. முதல்ல பைப்பை மாத்திட்டு அப்புறம் ரோட்டைப் போடச் சொல்லுங்க. இந்தப் பைப்பு எங்க மாமியா கல்யாணமாகி வந்தப்ப போட்டது. எங்க பக்கம் சொட்டுத் தண்ணி வரல.”

“ரெண்டும் வரும்த்தா, ஒண்ணொண்ணா வரும்” என்றார் அப்பா.

“எப்படிண்ணாச்சி வரும்? புது ரோட்டை அஞ்சு வருசத்துக்குத் தோண்டக் கூடாதாமே. அஞ்சு வருசத்துல ஜெனிட்டா காலேஜுக்குப் போயிருவா. அதுவரைக்கும் சைக்கிள்ல குடத்தைக் கட்டிக்கிட்டு ரயில்வே கேட்டுக்குத்தான் அலையணுமா?”

அப்பா பதில் சொல்வதற்குள் போன் வந்தது. அம்மா அத்தைக்குக் காப்பி கொடுத்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். நாலைந்து நாளைக்கு ஒரு முறை விடியற்காலையில் விடுவார்கள். தெருவுக்கே கஷ்டம் இருந்தாலும் எங்கள் வீட்டில் தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதுதான் காரணம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். (வாசலில் நின்று பார்த்தேன். தெரு எங்கள் வீட்டிலிருந்து ஜெனிட்டா வீட்டை நோக்கித்தான் சரிகிறது. அப்பாவிடம் மறுபடி கேட்க வேண்டும்.)

குளியலறைப் பக்கம் பூனை உறுமுவது போல ஒரு சத்தம், தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் கேட்கும். மில் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ஞாயிறு. மில் கிடையாது.

துணி மடித்தேன். நூலகப் புத்தகம் இரண்டும் முடிந்துவிட்டன.

ஜூலை 8, திங்கள்

ஜெனிட்டா இன்றும் இரண்டாம் பீரியடில்தான் வந்தாள். கணக்கு டீச்சர் வெளியே நிற்க வைத்தார். சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

ஜூலை 11, வியாழன்

அம்மா நான் நினைத்ததைவிடத் துணிச்சலானவள். யாரிடமும் சொல்லாமல் நகராட்சிக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்திருக்கிறாள். கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் போகிறதா என்று நேரில் வந்து பார்க்கும்படி கேட்டிருக்கிறாள். அவரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் போகவில்லை என்று அவர் எழுதிவிட்டால், பைப் முதலில், ரோடு பிறகு.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா விடுவீகளா?”

“விடமாட்டேன்.”

“அதான் கேக்கல.”

அப்பா சிரித்துவிட்டார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போலச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் பார்த்தார்.

ஜூலை 12, வெள்ளி

மாலையில் மில்லில் என்றும் இல்லாத கூட்டம். தெருவின் தொடக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாக்கு மூட்டையுடன் வந்தார்கள். மாவு அரைக்க வந்தவர்கள் போலத்தான் இருந்தது. ஆனால் யாரும் அரைத்த மாவுடன் திரும்பவில்லை. ஜவுளிக்கடை மாமா கொண்டுவந்த சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. “சோளமா மாமா?” என்று கேட்டேன். “ஆமாமா, முத்துச் சோளம்” என்றார். கீழே வைத்தபோது ணங் என்றது.

எல்லாச் சாக்குகளையும் அப்பா மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினார். “கவுன்சிலர் மில்லுக்குள்ள எவன் வந்து பாக்கப்போறான்” என்று யாரோ சொன்னது கேட்டது.

வீட்டில் குளியலறைக்கு வெளியே பதித்திருந்த கடப்பாக் கல் பெயர்த்து மறுபடி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஈர மண். அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 13, சனி

ஜெனிட்டா வீட்டில் தண்ணீர் வந்தது.

நான் அங்கேயே இருந்தேன், பார்த்தேன். பொறியாளர், குழாய் திறக்கும் பணியாளர், அம்மா எல்லோரும் நின்றோம். புஷ்பம் அத்தை அந்தக் குழாயில் காய வைத்திருந்த துணியை எடுத்துவிட்டுத் திருகினார். முதலில் காற்று வந்தது. பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம். பிறகு வெள்ளையாகக் கொட்டியது. தவலை, குடம், வாளி, குக்கர் வரைக்கும் கொண்டுவந்து பிடித்தார்கள். ஜெனிட்டாவின் தம்பி குழாயின் கீழ் தலையைக் கொடுத்தான். அத்தை அழுதார். அடுத்தடுத்த வீடுகளிலும் அப்படித்தான்.

பொறியாளர் மணி பார்த்தார். வாளியை வைத்து அளந்தார். “நல்லாத்தானம்மா வருது. அழுத்தம் போதுமான அளவு இருக்கு. பைப்பு மாத்த வேண்டிய அவசியம் இல்லன்னுதான் நான் எழுதணும். ரோடு போட்டுக்கலாம்” என்றார்.

புஷ்பம் அத்தை கையில் நிறைந்த குடத்துடன் அப்படியே நின்றார். “சார், இன்னைக்குத்தான் சார் வருது” என்றார்.

“இன்னைக்கு வருதுன்னா வருதுன்னுதானம்மா அர்த்தம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவர்தான் அவரும்.

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு குழாயில்கூடத் தண்ணீர் பிடிக்கவில்லை. எல்லாம் மூடியிருந்தன. கதவுகளும்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதவில்லை.

ஜூலை 15, திங்கள்

மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஜெனிட்டா சொன்னாள்.

“உங்க பக்கம் எல்லாரும் மோட்டாரைக் கழட்டி ஒளிச்சு வச்சிட்டாங்க. என்ஜினியர் புடுங்கிட்டுப் போயிருவாருன்னு பயம். உறிஞ்ச ஆளில்ல, கழட்டுன இடம் தெரியக் கூடாதுன்னு குழாயும் திறக்கல. மொத்தத் தண்ணியும் எங்களுக்கு வந்திருச்சு. வராம இருந்திருந்தா பைப்பு வந்திருக்கும்.”

“எங்க வீட்டுலயுமா?” என்றேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன்.

“உங்க வீட்ல மோட்டார் இருக்குன்னு எனக்கு அஞ்சாம் வகுப்புல இருந்தே தெரியும்டி.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்கூடப் பேசமாட்ட.”

மணி அடித்தது. மதியம் வரலாறு. ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நேராகக் கேட்டேன்: “நம்ம வீட்டு மோட்டார் உனக்குத் தெரியுமாம்மா?”

“சுவிட்ச்சப் போடுறதே நான்தானடி.”

கழுநீரை வாளியில் ஊற்றினாள். “எல்லாரும் வச்சிருக்காக, நாம மட்டும் வைக்கலன்னா நமக்கும் வராதுன்னு அப்பா வச்சாரு. மொத ஒரு வாரம் போடும்போது கை கூசுச்சு. அப்புறம் கூசல. அவ்வளவுதான்.”

பைப் மாற்றச் சொல்லி இனிக் கேட்க முடியாதா என்றேன். கேட்கலாம், ஆனால் அன்றைக்கு ஏன் தண்ணீர் வந்தது என்று சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றாள். அதைச் சொன்னால் யார் யார் வீட்டில் மோட்டார் என்று கேட்பார்கள்.

“மொத வீடு எதுன்னு சொல்லணும்ல.”

அரிசியை மறுபடி களைந்தாள். ஏற்கெனவே நான்கு தண்ணீர் களைந்தாயிற்று.

ஜூலை 20, சனி

வீட்டில் சண்டை. நான் பாடம் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

“நீ வாயத் தொறந்தா இந்தத் தெருவுல ஒருத்தன் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். மில்லுக்கு ஒரு படி அரிசி வராது” என்றார் அப்பா. “அவுக சாமானெல்லாம் என்னை நம்பி என் மில்லுல கெடக்கு, கனி.”

“ஓட்டுப் போட்டவுக என்னை நம்பியில்ல போட்டாக?”

“உன்னைய நம்பியா போட்டாக? என்னைய நம்பிப் போட்டாக.”

பிறகு அப்பா, அம்மா கேட்காமலேயே எழுந்துபோய்க் காயப்போட்ட துணிகளை எடுத்துவந்தார்.

ஜூலை 24, புதன்

நாளை நகர்மன்றக் கூட்டம். அம்மா கண்ணாடி முன்னால் நின்று ஏதோ முணுமுணுக்கிறாள். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுகிறாள்.

ஜூலை 25, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும்.

கூட்டம் மாலை நான்கு மணிக்கு. பள்ளியிலிருந்து நேராகப் போனேன். பார்வையாளர் பெஞ்சில் கடைசியில் அப்பா இருந்தார். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவர். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மன்றம் நடக்கும் முறை இதுதான். ஒரு அலுவலர் தீர்மானங்களை மூச்சு விடாமல் படிப்பார். ஒவ்வொன்றும் முடிந்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். சேர்மன் “ஏற்கப்பட்டது” என்பார். அந்தச் சொல் முடிவதற்குள் அலுவலர் அடுத்ததில் இருப்பார். சந்தைத் தெரு சிமென்ட் ரோடு என்று படித்தார். மேசைகள் தட்டப்பட்டன. சேர்மன் சொல்ல வாயெடுக்கும்போது அம்மா எழுந்து நின்றாள். நின்றாளே தவிர, குரல் வரவில்லை.

பன்னிரண்டாவது வார்டு கதிரேசன் எதிர்வரிசையில் இருந்தார். “தட்டி முடிச்சாச்சு மதினி. தேசிய கீதம் கடைசிலதான், உக்காருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சேர்மன் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கவுன்சிலர் என்ன சொல்றீக?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“கவுன்சிலர் இங்கிட்டு நிக்கிறேன் சார்” என்றாள் அம்மா.

பிறகு பேசினாள். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது இதுவாக இருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் ஒழுங்கே இல்லை. முதலில் குக்கரில் தண்ணீர் பிடித்ததைச் சொன்னாள். பிறகு பின்னால் போய் பைப்பைச் சொன்னாள். “அன்னைக்கு என்ஜினியர் சார் பாத்தது பொய்யில்ல. நாங்க காட்டுனதுதான் பொய். தெருவோட முன்பக்கம் பூரா மோட்டாரைக் கழட்டி, குழாயை மூடி வச்சிருந்தோம்” என்றாள்.

“நாங்கன்னா யாரு?” என்றார் கதிரேசன்.

“மொத மோட்டாரு எங்க வீட்டுது.”

கதிரேசன் விடவில்லை.

“அது இப்ப எங்க இருக்கு?”

“எங்க மில்லுல, மிளகா மூட்டைக்குப் பின்னாடி” என்றாள் அம்மா. ஒரு கணம் கழித்து, “தொணைக்கு ஆளு இருக்கு” என்றாள்.

இந்த முறை சிரித்தது வேறு மாதிரி இருந்தது. சேர்மனும் சிரித்தார். கதிரேசன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். “எங்க வார்டுலயும் இதே கதைதான்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போலச் சுற்றிப் பார்த்தார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். இன்னொரு முறை சோதிக்க வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தில் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை எல்லாக் குழாயும் திறந்திருக்க வேண்டும். அப்படியும் கடைசி வீட்டுக்கு வந்தால் ரோட்டையே போடுங்கள் என்றாள்.

பொறியாளர் எழுந்து, அன்று குழாய்கள் மூடியிருந்தது தனக்குத் தெரியாது என்றும், அந்த அளவு செல்லாது என்றும் சொன்னார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா இல்லை.

ஜூலை 26, வெள்ளி

மில்லில் இருந்த சாக்குகளை எடுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் அப்பாவுடன் பேசவில்லை. ஜவுளிக்கடை மாமா மட்டும் “முத்துச் சோளம் நல்லா வெளஞ்சிருச்சு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். எங்கள் மோட்டாரை அப்பாவே டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்து, சாக்கு மூடாமல், நகராட்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா கொடுக்கச் சொல்லவில்லை. நான் வாசலில்தான் இருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

மாவு அரைக்க ஐந்து பேர் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்களில் பாதிகூட இல்லை. தெருவின் கடைசி வீட்டுக்காரர்கள் மூன்று பேர் புதிதாக வந்தார்கள்.

யாரோ போனில் கூப்பிட்டார்கள். அப்பா, “இருங்க, அடுப்படில இருக்காங்க, குடுக்கிறேன்” என்றார். உள்ளே வந்து போனை அம்மாவிடம் நீட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்டு 3, சனி

இன்று ஆடிப் பதினெட்டு. ஆறு இருக்கும் ஊர்களில் கரைக்குப் போய்ப் படையல் போடுவார்கள். எங்கள் ஊரில் ஆறு இல்லை. நாங்கள் குழாயடியில் நின்றோம்.

மின்சாரத்தை நிறுத்தினார்கள். எல்லாக் குழாயையும் திறந்தார்கள். எங்கள் வீட்டில் நூல் போல ஒழுகியது. ஒரு குடம் நிறைவதற்குள் அப்பா ஒரு தினத்தாளைப் படித்து முடித்தார். “இவ்வளவுதானா நம்ம பங்கு” என்றார், யாரிடமும் அல்லாமல். தெரு நடுவில் சொட்டுச் சொட்டாக வந்தது. ஜெனிட்டா வீட்டில் காற்று மட்டும்.

பொறியாளர் குழாயின் அடியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குந்தியிருந்தார். “பைப்பே பத்தாதும்மா. இத்தனை வீட்டுக்கு இது எந்த மூலைக்கு” என்று எழுந்தார்.

தண்ணீர் வராததற்காக மக்கள் மகிழ்ந்ததை இன்றுதான் பார்த்தேன். புஷ்பம் அத்தை எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அதைச் செய்யத் தண்ணீர் ரயில்வே கேட்டிலிருந்து கொண்டுவந்தது. ஜெனிட்டா எனக்கு முந்திரி அதிகமாக வைத்தாள்.

ஆகஸ்டு 22, வியாழன்

பைப் முதலில், ரோடு பிறகு. தீர்மானம் நிறைவேறியது. கதிரேசன் தன் வார்டுக்கும் அதே சோதனை வேண்டும் என்று கேட்டாராம். பள்ளியில் தேர்வு என்பதால் நான் போகவில்லை. அம்மா சொன்னாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். மேசையைத் தட்டியதில் ஒருவருடைய தண்ணீர் டம்ளர் கவிழ்ந்ததாம்.

செப்டம்பர் 12, வியாழன்

நடவடிக்கைக் குறிப்பு வந்தது. “பதினோராவது வார்டு உறுப்பினர் திருமதி செல்லக்கனி கூறியதாவது” என்று தொடங்கி எட்டு வரிகள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?” என்றாள். இல்லை என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

செப்டம்பர் 27, வெள்ளி

தெரு முழுக்கக் குழி. இயந்திரம் காலையிலிருந்து தோண்டுகிறது. நீலப் பைப்புகள் எங்கள் வாசலில் அடுக்கியிருக்கின்றன. நான் ஒன்றின் வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஜெனிட்டாவின் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. அது உண்மை இல்லை. பக்கத்து வீட்டு மதினி இன்னும் அம்மாவிடம் முகம் கொடுப்பதில்லை. வண்டி வர முடியாததால் மில் மூன்று நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. பைப் பதித்த பிறகும் யாராவது மோட்டார் வைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “வைப்பாக. மறுபடி பேசணும்” என்றாள் அம்மா. அலுப்பாகச் சொல்லவில்லை.

இருட்டியதும் குழியைத் தாண்ட ஆளுக்கொரு பலகை போட்டார்கள். எங்கள் வாசலில் போட்ட பலகை ஆடியது. அப்பா மில்லிலிருந்து ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். கொஞ்சம் தள்ளி அதே மதினி தயங்கி நிற்பதைப் பார்த்து, “இங்கிட்டு வாத்தா, இது ஆடாது” என்றார். அவர் வந்தார். பேசவில்லை. ஆனால் அப்பா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார்.

குழியில் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று வாசல் பல்பை மட்டும் எரிய விடச் சொன்னாள் அம்மா. அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாக இந்த டைரியின் பாதிப் பக்கம் வரைக்கும்தான் வருகிறது. வீட்டுக்குள் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.